கூடப் போகிறவள்

ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் ஊர் பாலிக்சியிலிருந்து தலைநகர் பிஷ்கெக்குக்குப் போகிற சாலையோரத்தில் புகையில் வாட்டிய மீன் விற்கிறவர்களில் ஜூராகானின் மேசை என் மேசைக்கு அடுத்தது. ஏரிப் பக்கம் காற்று கிளம்பினால் இரண்டு பேரும் சேர்ந்துதான் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அவள் வீட்டு விஷயம் எனக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

அவள் புருஷன் எசென்பெக் பிஷ்கெக்குக்கு மினிபஸ் ஓட்டியவன். வாய் ஓயாத ஆள். அவன் வண்டியில் ஏறினால் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்பார்கள். அப்படிப்பட்டவன் ஒரு இலையுதிர்காலத்தில், பூம் மலையிடுக்கில், வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான். பயணிகள் சத்தம் போட்டார்கள். குடித்திருக்கிறானா என்று ஒருவர் முகர்ந்துகூடப் பார்த்தார். "முடியலப்பா" என்று மட்டும் சொன்னானாம். பின்னால் வந்த இன்னொரு ஓட்டுநர்தான் வண்டியையும் அவனையும் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

வந்தவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். முதல் பனி விழுந்தது, எழுந்திருக்கவில்லை. தேநீர் ஆறிப்போகும். ஜூராகான் மாவு பிசைந்து, கறி வேகவைத்து, அவனுக்குப் பிடித்ததையெல்லாம் செய்து வைப்பாள். ஒரு வாய் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான். சோம்பேறி என்றது ஊர். கண் பட்டுவிட்டது என்றார்கள் சிலர். அவனுடைய அக்கா காலிமா ஒரு மந்திரக்காரியை அழைத்து வந்தாள். அவள் அப்போதுதான் அறுத்த ஆட்டின் நுரையீரலால் அவன் முதுகிலும் மார்பிலும் தட்டித் தட்டி ஏதோ ஓதினாள். அவன் தடுக்கவில்லை. கண்ணில் நீர் வழியக் கிடந்தான்.

"ஆம்பளைக்கு என்னடி அழுகை?" என்று காலிமா ஜூராகானிடம் பாய்ந்தாள். "எங்க வீட்டுல இருந்தவரைக்கும் நல்லாத்தானே இருந்தான். உன் கையால தின்னுதான் இப்படிப் படுத்துட்டான்."

பகலெல்லாம் காற்றில் நின்று மீன் விற்றுவிட்டு, வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டி, அவனை எழுப்பி முகம் கழுவவைக்கிறவளுக்குச் சண்டை போடத் தெம்பு ஏது?

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் மனநோய்க்கென்று ஒரு தனிக்கட்டிடம் உண்டு. எங்கள் ஊரில் அதன் பெயரைச் சொல்லிக் குழந்தைகளைப் பயமுறுத்துவார்கள். அங்கே போகலாம் என்று அவள் சொன்னபோது எசென்பெக் நெடுநாளைக்குப் பிறகு வாய் திறந்தான். அங்கே பெயர் பதிந்தால் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள், அப்புறம் செத்த மாதிரிதான் என்றான். "இப்ப மட்டும் ஓட்டிக்கிட்டா இருக்கீங்க?" என்று கேட்டாள். பிறகு அவன் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, ரயில் தண்டவாளத்தை ஒட்டிய சந்து வழியாகக் கூட்டிக்கொண்டு போனாள். யார் கண்ணிலும் படக் கூடாதே.

அங்கிருந்த டாக்டரம்மா கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த, எப்போதும் களைத்த ஒரு பெண். அவனிடம் நிறையக் கேள்வி கேட்டாள், அவன் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டாள். இது மனச்சோர்வு நோய், சோம்பலும் இல்லை, பேயும் இல்லை, மாத்திரை உண்டு, ஆனால் மெதுவாகத்தான் குணம் தெரியும் என்றாளாம். வெளியே வந்ததும் ஜூராகான் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அதற்கு ஒரு பெயர் இருக்கிறதே என்ற நிம்மதியில் வந்த அழுகை என்று என்னிடம் சொன்னாள்.

மெதுவாகத்தான் தெரிந்தது. ஒருநாள் முற்றத்துப் பனியைத் தள்ளினான். மறுநாள் திரும்பப் படுத்துக்கொண்டான். வசந்தத்தில் மீனுக்குப் புகைபோட ஆரம்பித்தான். வண்டியை மட்டும் தொடவில்லை. கோடையில் அவளோடு மேசைக்கு வந்து நின்றான். பழைய கூட்டாளி ரிஸ்பெக் மினிபஸ்ஸை நிறுத்தி, "என்ன எசென்பெக், பெண்டாட்டி முந்தானையில இன்னும் லீவா?" என்று கிண்டலடித்தான்.

"லீவு இல்லடா. மனசுல நோவு. மருந்து சாப்பிடறேன்" என்றான் எசென்பெக்.

எனக்குக் கை நின்றுவிட்டது. எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. ரிஸ்பெக் மீனை வாங்கிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் பயணிகள் இல்லாமல் தனியாக வந்தான். மீனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான், விலை கேட்டான். கடைசியில் ஜூராகானிடம் மெல்ல, பிள்ளை பெற்றதிலிருந்து தன் மனைவி யாரோடும் பேசுவதில்லை, குழந்தையைத் தூக்குவதுமில்லை என்றான். அந்த டாக்டரம்மாவிடம் கூட்டிப்போக அவனுக்குக் கூச்சம். ஜூராகான் கூடப் போனாள்.

அதற்குப் பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மீன் வாங்குகிற சாக்கில்தான் வருவார்கள். ரஷ்யாவில் வேலை செய்துவிட்டு வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்ட மகனுடைய தாய், தூக்கமே வராத டீச்சர், மகளைப் பறிகொடுத்தவள். ஜூராகான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. காதுகொடுத்துக் கேட்பாள், கூட நடப்பாள், டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருப்பாள். டாக்டரம்மா கேட்டுக்கொண்டதால் ஒருமுறை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்திலும் பேசினாள். "என் புருஷனுக்கு வந்துச்சு. யாருக்கும் வரலாம். மறைக்காதீங்க, தனியா விடாதீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

காலிமாவுக்கு அந்தச் சேதி எட்டியது. "குடும்ப மானத்தையும் மீனோட சேத்து வித்துக்கிட்டு இருக்கா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

இரண்டாவது குளிர்காலம் கடுமையாக இருந்தது. காற்று அடித்த ஒரு வியாழக்கிழமை நசீரா என்று ஒருத்தி வந்தாள். அவள் தம்பி சத்தார் ரயில் பட்டறையில் வெல்டர். வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்று பேசுகிறான், நீ வந்து ஒரு வார்த்தை பேசு என்றாள். அந்த வாரம் முழுக்க ஜூராகான் யாருக்காகவாவது அலைந்துகொண்டிருந்தாள். காய்ச்சல் வேறு. உதடெல்லாம் வெடித்திருந்தது. அவனைத் தனியாக விடாதே, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ, முடியாவிட்டால் திங்கட்கிழமை நான் வருகிறேன் என்றாள். நசீரா தலையாட்டிவிட்டுப் போனாள். சத்தார் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை உயிரை மாய்த்துக்கொண்டான்.

நசீரா வீட்டு முற்றத்தில் துக்கக் கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஜூராகான் வாசலிலேயே நின்றாள். நசீரா அவளைப் பார்த்து, நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். "நீ ஒருத்திதானே. எத்தன பேருக்குத்தான் ஓடுவ" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் அக்கா என்று ஜூராகான் பின்னால் என்னிடம் சொன்னாள்.

அதோடு அவள் ஓய்ந்துபோனாள். வண்டிகள் நின்றால் கூப்பிட மாட்டாள். மீன் காய்ந்து கிடக்கும். யாராவது தயங்கித் தயங்கி அருகில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். குளிரில் விறைத்துப்போயிருக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். எசென்பெக் அப்படி நினைக்கவில்லை. ஒரு காலையில் மேசைக்கு வந்து அவள் முன்னால் நின்றான்.

"இந்த மூஞ்சி எனக்குத் தெரியும். நானும் இத வச்சுக்கிட்டுத்தான் கிடந்தேன். கெளம்பு" என்றான்.

"நான் போனா அங்க இருக்கறவங்க யாருக்காக வந்தேன்னு கேப்பாங்க."

"இந்தத் தடவ எனக்காகவே வந்தேன்னு சொல்லு."

அவர்கள் சந்து வழியாகப் போகவில்லை. பெரிய தெருவில், கடைகளைத் தாண்டி, இரண்டு பேரும் மெல்ல நடந்து போனதை நான் இங்கிருந்து பார்த்தேன். டாக்டரம்மா அவளைச் சோதித்துவிட்டு மருந்து கொடுத்தாள். கொஞ்ச நாள் யாருக்காகவும் இந்தப் படியேறக் கூடாது, உனக்காக மட்டும் வா என்று கண்டிப்பாகச் சொல்லியனுப்பினாள்.

இப்போது ஜூராகான் தேறி வருகிறாள். முழுதாக என்று சொல்ல மாட்டேன். சத்தாரைப் பற்றிய பேச்சு வந்தால் கையிலிருக்கிற வேலையை விட்டுவிடுவாள். எசென்பெக் வண்டியை விற்றுவிட்டான். புகைபோடுகிற வேலை அவனுடையது. ஆண்கள் யாராவது வந்தால் அவன்தான் கூடப் போகிறான். ஜூராகானுக்கு முடியாத நாட்களில் காலிமா வந்து மேசையருகே நிற்கிறாள். வாய் மட்டும் மாறவில்லை; மீனை இப்படி அடுக்குகிறவளை எங்கும் பார்த்ததில்லை என்று வாங்க வருகிறவர்களிடம் குறை சொல்லிக்கொண்டேதான் விற்கிறாள்.

போன வாரம் ஒரு இளம்பெண் வந்தாள். மீனைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். ஜூராகானுக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பினாள்.

"சயரா அக்கா, இன்னைக்கு எனக்குத் தெம்பு இல்ல. நீங்க போறீங்களா?"

எனக்கு என்ன பேசத் தெரியும் என்றேன். பேச வேண்டாம், கூட நடந்தால் போதும் என்றாள். நான் ஏப்ரனை அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். எதிர்க்காற்று. வழியெல்லாம் அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆஸ்பத்திரி கேட்டுக்கு அருகில் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.