ரெஜினா மிஸ் பார்த்துவிட்ட பக்கம்

ரெஜினா மிஸ் இறந்த செய்தி வந்தபோது நான் தி.நகரில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வரிசையில் நின்றிருந்தேன். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் அவளுடைய படம். பிறந்தநாள் வாழ்த்து என்று நினைத்துத்தான் திறந்தேன். காலையில் பட்டினப்பாக்கத்து வீட்டில் நெஞ்சுவலி வந்ததாகவும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாகவும் கீழே எழுதியிருந்தார்கள். கையிலிருந்த புடவையை எங்கே வைத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். அவள் கம்ப்யூட்டர் டீச்சர், நான் தமிழ் டீச்சர். பல வருடங்கள் ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. "எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் கெட்டுப்போனபோது ஓடி வந்து சரிசெய்து கொடுத்தார். உதவும் மனம் கொண்டவர்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இதைப் படிக்கும் உங்களில் அவளை அறிந்த பலரும் அன்று தலையசைத்தீர்கள். நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அன்று நடந்ததை அவ்வளவாகச் சுருக்கிவிட்டோமே என்று வீடு வந்து சேரும்வரை கூசிக்கொண்டே வந்தேன்.

என் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம் அது. மயிலாப்பூர் வீட்டில் நானும் என் மகள் வினிதாவும் மட்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பிக்க எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. மறுமணத்துக்கென்றே இருக்கும் ஓர் இணையதளத்தில் பதிந்து பார்க்கலாம் என்று தோன்றியது. வினிதா பயன்படுத்தும் பிரவுசரில் திறந்தால் அவள் கண்ணில் பட்டுவிடும். அதனால் அவள் கல்லூரிக்குப் போயிருந்தபோது வேறொரு பிரவுசரை இறக்கிக்கொண்டேன். அது கேட்டதற்கெல்லாம் 'சரி' என்று அழுத்தினேன். நீலப் புடவை கட்டிய என் படத்தை ஏற்றினேன். வயதை ஒருமுறை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

சில நாட்களில் ஒருவர், "முகம் தெளிவாக இல்லை, வேறு படம் அனுப்பவும்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் உடம்பே சுருங்கிப்போயிற்று. இந்த வயதில் எனக்கு இது தேவையா? அந்தப் பிரவுசரையே கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டேன். தடயமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வினிதாவுக்கு ஆன்லைனில் வேலைக்கான நேர்காணல். கம்ப்யூட்டரில்தான் கலந்துகொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மெயிலில் வந்த லிங்க்கை அழுத்துகிறாள், திறக்கவில்லை. எதை அழுத்தினாலும், இதைத் திறக்க வழியில்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது.

"அம்மா, நீ ஏதாவது பண்ணியா?"

"நான் என்னடி பண்ணேன்? தொடக்கூட இல்லை."

ரெஜினாவுக்கு ஃபோன் செய்தேன். வகுப்பில் அச்சடித்த மாதிரி தமிழ் பேசுகிறவள், வெளியே வந்துவிட்டால் பட்டினப்பாக்கத்துத் தமிழுக்குத் திரும்பிவிடுவாள். "லிங்க்கை காப்பி பண்ணி, அவ எப்பவும் வச்சிருக்கிற பிரவுசர்ல மேல ஒட்டச் சொல்லு. தொறந்துக்கும். நான் வந்துகினே கீறேன்" என்றாள். அப்படியே செய்தோம், திறந்தது. வினிதா பேசி முடிப்பதற்கும் ரெஜினா ஸ்கூட்டரை வாசலில் நிறுத்துவதற்கும் சரியாக இருந்தது.

அவள் உட்கார்ந்து எதையெதையோ திறந்து பார்த்தாள். "எதுனா புது பிரவுசர் போட்டு எடுத்தியா மீனா?"

வினிதா பக்கத்திலேயே நின்றாள். "இல்லையே" என்றேன்.

"யாரோ போட்டு, லிங்க்கெல்லாம் அதுலயே தொறக்கணும்னு வச்சிட்டு எடுத்துகீறாங்க. ஆள் காலி பண்ணிட்டுப் போய்ட்டான், லிங்க்கெல்லாம் இன்னும் அவன் வீட்டுக் கதவையே தட்டிக்கினு கீது. நானும் மாத்திப் பாக்குறேன், நிக்க மாட்டேங்குது. அதையே திரும்பப் போட்டு, ஒழுங்கா மாத்திட்டு அப்புறம் எடுக்கணும்."

நானும் தலையாட்டினேன். அதைத் திரும்பப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. பிரவுசரை எடுத்தாலும் அதில் நாம் திறந்து வைத்தவை உள்ளே எங்கோ தங்கியிருக்குமாம். அது மறுபடியும் ஏறியதும், நான் விட்டுப்போன பக்கம் அப்படியே விரிந்தது. நீலப் புடவையில் நான். மேலே கொட்டை எழுத்தில் 'மறுமணம்'.

வினிதா சோபாவில் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெஜினா உடனே திரைக்கு முன்னால் எழுந்து நின்றாள். "வினி, தலைய வலிக்குதுடி. இஞ்சி வாங்கியாயேன், டீ போடலாம்."

அவள் படியிறங்கிப் போகும்வரை நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரெஜினா சிரிக்கவில்லை. பார்க்காத மாதிரி நடிக்கவும் இல்லை. "ஃபோட்டோ நல்லா இல்ல மீனா. வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கினு நின்னுட்ட" என்றாள். பிறகு, "அழிக்கணுமா, வச்சிக்கணுமா? ரெண்டும் எனக்குத் தெரியும். நீதான் சொல்லணும்."

"அழிச்சிடு. யார்கிட்டயும் சொல்லாதே."

பதிவை நீக்கினாள். பார்த்த பக்கங்களின் சுவடுகளையெல்லாம் துடைத்தாள். லிங்க்குகள் இனி வினிதாவின் பிரவுசரில்தான் திறக்க வேண்டும் என்று மாற்றி வைத்துவிட்டு, புதியதை எடுத்தாள். டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் என்னிடம் மட்டும் சொன்னாள்: "வேணாம்னு தோணி அழிச்சா அது அதோட முடிஞ்சுது. வெக்கத்துல அழிச்சா, நீ திரும்பவும் போடுவ பாரு."

அப்படித்தான் ஆயிற்று. அடுத்த வருடம் மறுபடியும் பதிந்து தரச் சொல்லி நானே அவளிடம் போய்க் கேட்டேன். பள்ளி மொட்டைமாடியில் வெளிச்சத்தைப் பார்த்து நிற்கவைத்துப் படம் எடுத்தாள். வடபழனியிலிருந்து ஒருவர் பேசினார். அடையாறில் ஒரு ஹோட்டலில் சந்திப்பதென்று முடிவாயிற்று. துணைக்கு அவளும் வந்தாள். அவர் மெதுவாகப் பேசுகிற மனிதர். காபி பாதி குடித்திருப்போம், எங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் அம்மா எங்களைப் பார்த்துவிட்டு மேசைக்கே வந்துவிட்டார். "என்ன மிஸ், இந்தப் பக்கம்?"

"மீனா மிஸ்ஸுக்கு மாப்பிள்ளை பாக்குறோம்" என்றாள் ரெஜினா, வெகு இயல்பாக.

எனக்குக் காது மடல் வரை எரிந்தது. அப்படியே எழுந்து வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். அந்த மனிதர் அதன்பின் பேசவில்லை. எந்த முகத்தோடு நான் பேசுவது? ரெஜினாவுடனும் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

ஒருநாள் மதிய இடைவேளையில் அவளே என்னெதிரே வந்து நின்றாள். "தப்பு என்னுதுதான் மீனா. எனக்கு இதுல வெக்கம் இல்ல, அதனால உனக்கும் இருக்காதுன்னு நெனச்சிட்டேன்." தான் செய்தது தவறென்றால் அவள் சுற்றிவளைக்க மாட்டாள், உங்களுக்கும் தெரியும். நான் சாப்பாட்டு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினேன்.

இரங்கல் கூட்டம் முடிந்த அன்று சாயங்காலம் வினிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அதனாலதான் அன்னைக்கு என் லிங்க் தொறக்கலையா?" என்று சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லம்மா. நான் உன்னை என்ன சொல்லியிருப்பேன்னு நெனச்ச?"

துணை தேடியதற்காக இத்தனை நாள் கூசினேன். என் பெண்ணைப் பற்றி நானே என்னவோ நினைத்துக்கொண்டு, அவளிடமிருந்து ஒளிந்துகொண்டிருந்தேனே, அதை நினைத்தால்தான் இப்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போன வாரம் ஆசிரியர் அறையில், புதிதாகச் சேர்ந்த டீச்சர் ஒருத்தி ஃபோனை வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். நான் உள்ளே வந்ததும் அவசரமாக முகத்தைத் துடைத்தாள். முன்பென்றால் எதையோ மறந்துவிட்டவள் போலத் திரும்பி வெளியே போயிருப்பேன். அடுத்தவரின் அந்தரங்கம் கண்ணில் பட்டுவிட்டால் படாத மாதிரி நடிக்கக்கூடாது என்பதைத்தான் ரெஜினாவிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் அளவுக்கு எனக்கு அது வரவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.