இரட்டைப் பூட்டு

எங்கள் வீட்டில் பூட்டை இழுத்துப் பார்க்காமல் யாரும் படி இறங்குவதில்லை. பூட்டியதும் ஒருமுறை இழுக்க வேண்டும். நாலடி நடந்து, திரும்பி வந்து இன்னொருமுறை இழுக்க வேண்டும். சண்டைக் காலத்தில் வீடு வளவை விட்டு ஓடிப்போய், திரும்பி வந்தபோது கதவு நிலையைக்கூடக் காணாத சனம் நாங்கள். அந்தப் பயம் கையில் தங்கிவிட்டது. பொத்தானை அழுத்திப் பூட்டுகிற கார் வந்த பிறகும் என் கை திருந்தவில்லை. ஒரு தரம் அழுத்தினால் போதும். நான் இரண்டு தரம் அழுத்துவேன்.

இரண்டாம் தரம் அழுத்தினால் அது வேறு பூட்டு என்று கையேட்டில் எழுதியிருந்தது. கள்ளன் கண்ணாடியை உடைத்துக் கையை விட்டாலும் உள்ளே இருக்கும் கைப்பிடி இயங்காதாம். வாசித்தபோது எனக்குப் பெரிய சந்தோசம். உள்ளே ஆள் இருக்கும்போது அப்படிப் பூட்டக்கூடாது என்று அதற்குக் கீழேயே இன்னொரு வரி இருந்தது. அதையும் வாசித்துத்தான் இருந்தேன்.

நான் துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் இயந்திர அறைகளில் முப்பது வருடம் வேலை செய்தவன். அந்த இயந்திரங்கள் முரண்டு பிடிக்கும், புகை கக்கும், ஆனால் கெஞ்சினால் எழும்பும். பற்றறி செத்தாலும் காற்றழுத்தம் கொடுத்து எழுப்பலாம். ஓய்வு பெற்ற பிறகு, இவ்வளவு காலம் மனதில் வைத்திருந்த ஆசையைத் தீர்க்க, கொழும்பில் ஒருவர் ஓட்டிய காரை வாங்கினேன். நானூறு குதிரை வலு, இரண்டு டேர்போ. அதை முழுசாக ஓடவிட எங்கள் மாவட்டத்தில் ஒரு நீட்டு ரோட்டும் இல்லை. மாடு குறுக்கே வரும், இல்லையென்றால் சோதனைச் சாவடி வரும். ஆனாலும் காலையில் அதை ஸ்டார்ட் பண்ணி அந்த உறுமலைக் கேட்டால் எனக்கு இருபது வயது குறைந்துவிடும்.

கெடுதல் எல்லாம் பற்றறியில்தான். அந்தக் காரில் நித்திரை கொள்ளாத கணினிகள் எத்தனையோ இருக்கின்றன. நிறுத்தி வைத்தாலும் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும். நான்கு நாள் ஓடாமல் விட்டால் திரையில் மஞ்சள் எழுத்து வரும். புதுப் பற்றறி போட்டால் அதைக் காரின் கணினிக்குச் சொல்லிப் பதிய வேண்டும். அதற்கான கருவி கொழும்பில்தான் இருந்தது. "உள்ளூரில போட்டா கார் ஏற்காது சேர்" என்று எங்கள் தெரு எலெக்ட்ரீசியன் கையை விரித்துவிட்டார். அடுத்த மாதம் கொழும்புக்குப் போகலாம் என்று நானும் மாதக்கணக்கில் தள்ளிப் போட்டேன். அதுவரை ஒன்றைவிட்ட ஒருநாள் டிக்கியைத் திறந்து சார்ஜரைக் கொழுவி விடுவேன்.

மனைவி அந்தக் காருக்கு, தீராத நோயாளி என்ற அர்த்தத்தில், 'வருத்தக்காரி' என்று பெயர் வைத்தாள். காலையில் தேத்தண்ணியோடு வந்து, "வருத்தக்காரிக்கு சேலைன் ஏத்தியாச்சோ?" என்று கேட்பாள். இருபது வருடம் எங்கள் பழைய காரைத் தானே ஓட்டி வேலைக்குப் போனவள். ஆனால் இந்தக் காரில் ஒரு பொத்தானையும் தொட நான் அவளை விட்டதில்லை. "ஒண்டையும் அமத்தாதேயும்" என்பேன். அவளும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பாள். அந்த இருப்பில் ஒரு நக்கல் இருக்கும். நான் கண்டும் காணாத மாதிரி ஓட்டுவேன்.

அன்று தோப்பூரில், என்னோடு வேலை செய்த ஒருவர் வீட்டில் மதியச் சாப்பாடு. மனைவிக்குக் காலையிலிருந்தே தலையிடி. அவளுக்குப் பிறஷரும் இருக்கிறது. குளிசையைப் போட்டுக்கொண்டு பின் இருக்கையில் சாய்ந்தாள். சத்தம் கேட்கக் கூடாதென்று அவளுடைய போனையும் நானே வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சீனக்குடா தாண்டும்போது மஞ்சள் எழுத்து வந்தது. கிண்ணியாப் பாலத்தில் அது சிவப்பாக மாறியது. ஓடினால் சார்ஜ் ஏறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெறுங்கையோடு எப்படிப் போவது, இறால் வாங்கிக்கொண்டு போகலாம் என்று குறிஞ்சாக்கேணிப் பக்கம் திருப்பினேன். அங்கே கடல்நீர் ஏறி நிற்கும் களப்போரத்தில் தெரிந்த வியாபாரி ஒருவர் இருக்கிறார், அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவேன். நிழல் இல்லாத இடம். காரை நிறுத்தினேன்.

"கண்ணாடிய கொஞ்சம் இறக்கி விடுங்கோவன்" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

"மீன் மணம் சீட்டில பிடிச்சுதெண்டா போகாது. ரெண்டு நிமிசம், நீர் கண்ணை மூடிப் படும்."

இறங்கினேன். இரண்டு தரம் அழுத்தினேன்.

நடக்கும்போது பின்னால் காரின் விசிறி இரைவது கேட்டது. டேர்போ சூடேறினால், நிறுத்திய பிறகும் அந்த விசிறி தானாக ஓடும். பற்றறியில் மிச்சம் இருந்ததையும் அதுதான் குடித்தது. இறாலைத் தெரிந்தெடுத்து, தலை நுள்ளி, ஐஸ் போட்டுக் கட்டுவதற்குள் பத்து நிமிடம் போய்விட்டது. விசிறிச் சத்தம் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

திரும்பி வந்து பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. கிட்டப் போய் அழுத்தினேன். கைப்பிடியை இழுத்தேன். அது கல்லுப்போல இருந்தது.

மனைவி எழுந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே இருந்த கைப்பிடியை இழுத்தாள், மறுபக்கம் நகர்ந்து அந்தக் கைப்பிடியையும் இழுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நெற்றி முழுக்க வியர்வை. அப்போதுதான் இரண்டாம் தரம் அழுத்தியது எனக்கு ஞாபகம் வந்தது.

கையிலிருந்த பொத்தான் சாவிக்குள் அவசரத்துக்கென்று ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது. அதை இழுத்தெடுத்து, கைப்பிடி மூடியைப் பிடுங்கித் துவாரத்தில் விட்டேன். ஒருநாளும் பாவிக்காத துவாரம். உப்புக்காற்றில் உள்ளே துரு இறுகியிருந்தது. சாவி பாதிதான் போனது. திருப்பினேன், வளைந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் முறிந்திருக்கும்.

அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். இறால்கடையில் நின்ற நாலைந்து பேர், ஒரு ஓட்டோக்காரர், களப்பில் மட்டி எடுத்து ஈரச் சாக்கோடு கரையேறி வந்த ஒரு பெண். எங்கள் பக்கத்தில் ஒரு வாகனம் நின்றுவிட்டால் யாரும் கூப்பிடத் தேவையில்லை, தள்ள வந்துவிடுவார்கள். "தள்ளிப் பாப்பம் சேர்" என்று நான்கு பேர் பின்னால் கையை வைத்துவிட்டார்கள். சில்லு அசையவில்லை. கரண்டில் இறுகும் பிறேக் அது, கரண்ட் இல்லாமல் விடாது. உருண்டாலும், தானாக மாறும் இந்தக் கியருக்கு இயந்திரம் எழும்பாது. "தள்ளாதீங்கோ, தள்ளாதீங்கோ, ஆள் உள்ள" என்று கத்தினேன்.

என்ன செய்தேன் என்று நினைக்க இப்போதும் கூசுகிறது. கொழும்புக் கராஜுக்குப் போன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. உள்ளே மனைவி கண்ணாடியில் மோதிரத்தால் தட்டினாள். டக், டக், டக். திரும்பவும் கொழும்புக்கு எடுத்தேன்.

இறால்கடைக்காரர் ஐஸ் உடைக்கும் இரும்புக் கம்பியோடு ஓடி வந்தார். "தள்ளி நில்லுங்க சேர், கண்ணாடிய உடைப்பம்" என்று ஓங்கினார்.

நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

"பொறுங்கோ நானா, பொறுங்கோ! இந்தக் கண்ணாடி இஞ்ச கிடைக்காது."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "உள்ளுக்கு மனிசி இருக்கு சேர்."

"ஓம், தெரியும். ஒரு நிமிசம். இது இலங்கையிலயே எடுக்கேலாது."

அதைச் சொல்லும்போது என் மற்றக் கை கண்ணாடியின் மேல் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் தூரத்தில் மனைவியின் முகம் இருந்தது. அவளுக்குக் கேட்டிருக்காது என்றுதான் நினைத்தேன். வாங்கிய நாளிலிருந்து, இந்தக் கண்ணாடியை மூடினால் றோட்டுச் சத்தம் ஒரு துளியும் வராது என்று ஊரெல்லாம் பெருமையடித்தவன் நான்தானே.

மட்டி எடுத்து வந்த பெண் சாக்கைக் கவிழ்த்தாள். விடியலிலிருந்து குனிந்து பொறுக்கிய மட்டி அவ்வளவும் றோட்டில் கொட்டுண்டு சிதறியது. வெறும் சாக்கைக் களப்பில் முக்கி எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து, மனைவி இருந்த பக்கத்துக் கூரையிலும் கண்ணாடியிலுமாகப் போட்டாள். பிறகு திரும்பி, "ஐயா, காரையா பாத்துட்டு நிக்கீங்க? மனிசிட மொகத்தப் பாருங்க" என்றாள்.

சாக்கின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். மனைவி தட்டுவதை விட்டிருந்தாள். முன் இருக்கையின் முதுகில் நெற்றியை வைத்திருந்தாள். உதடு வெளிறியிருந்தது. முப்பத்தொரு வருடம் அந்த முகத்தோடு வாழ்ந்திருக்கிறேன், அப்படி ஒருநாளும் கண்டதில்லை. கடைக்காரரிடமிருந்து கம்பியைப் பறித்து, பின்கதவுக் கண்ணாடியில் என் பலம் எல்லாம் சேர்த்து அடித்தேன்.

உடையவில்லை. வெள்ளையாகப் பொரிந்து, அப்படியே நின்றது. இரண்டாம் அடி, மூன்றாம் அடி. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டிச் செய்தது அது. சத்தம் வராமல் இருக்கவும் கள்ளன் வராமல் இருக்கவும். நான் பெருமையடித்த ஒவ்வொன்றும் அன்று எனக்கு முன்னால் வந்து நின்றது. கடைக்காரரும் அடித்துப் பார்த்தார். கம்பி தெறித்து வந்தது.

ஓட்டோக்காரர்தான் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "சேர், பொனட்டத் திறக்க வழி இருக்கா? என்ட பற்றறிய களட்டித் தாறன்."

பொனட்! காரின் பற்றறி பின்னால் டிக்கியில்தான் இருந்தது, டிக்கியும் கரண்டில்தான் திறக்கும். ஆனால் முன்னால் பொனட்டுக்குக் கீழே கரண்ட் கொடுப்பதற்கு இரண்டு முனைகள் உண்டு. பொனட்டைத் திறப்பது மட்டும் வெறும் கம்பிக் கயிறு. அந்தக் காரில் கரண்ட் கேட்காத ஒரே சாமான் அதுதான். இழுக்கிற பிடி உள்ளே, முன் இடப்பக்கக் கால்மாட்டில் இருந்தது. அவளால் எட்ட முடியும்.

இடப்பக்க முன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துக் கத்தினேன். "முன்னுக்கு வாரும்! கீழ! கால் வைக்கிற இடத்தில! கறுப்புப் பிடி! இழும், இழும்!" கையால் குனிந்து காட்டினேன், இழுத்துக் காட்டினேன். நான் தொடக்கூடாதென்று சொன்ன ஒரு பொருளைத் தொடும்படி அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அவள் தலையைத் தூக்க நேரம் எடுத்தது. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே உடம்பைத் திணித்தாள். நடுவில் நின்றுவிட்டாள். மூச்சு வாங்குகிறாள் என்று தோளில் தெரிந்தது. அந்தப் பெண் ஈரச் சாக்கை இழுத்து முன் கண்ணாடிக்கு மாற்றினாள். மனைவி ஒரு முழங்கையை ஊன்றி, தலைகீழாகக் குனிந்து, கையால் தடவினாள். எனக்கு அவளுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஓட்டோக்காரர் பற்றறியைத் தூக்கி வந்து தயாராக வைத்திருந்தார்.

'டொக்' என்று பொனட் எழும்பியது.

ஓட்டோக்காரரே வயரைப் பிடித்தார். எது சிவப்பு முனை என்று நான் காட்டினேன். முதல் தரம் பொறி பறந்தது. இரண்டாம் தரம் உள்ளே எங்கேயோ ஒரு சின்ன வெளிச்சம் எரிந்தது. பொத்தானை அழுத்தினேன். நாலு பூட்டும் ஒன்றாகக் கழன்றன.

கதவைத் திறந்ததும் வந்த சூடு பேக்கரிப் போறணையைத் திறந்த மாதிரி இருந்தது. அவளைப் பிடிக்க நான் கையை நீட்டினேன். ஆனால் அந்தப் பெண் முந்திக்கொண்டாள். கைத்தாங்கலாகக் கடைக்குள் கொண்டுபோய், ஐஸ் பெட்டிக்கு மேல் இருத்தி, முக்காட்டுத் துணியை நனைத்துக் கழுத்தைத் துடைத்தாள். மனைவி செம்புத் தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். நான் கிட்டப் போய்க் குந்தினேன். "எப்படி இருக்கு?" என்றேன்.

அவள் அந்தப் பெண்ணைத்தான் பார்த்தாள். "தங்கச்சி, உங்கட மட்டி எல்லாம் போச்சுதே" என்றாள்.

"மட்டி நாளைக்கும் களப்பில கிடக்கும்" என்றாள் அந்தப் பெண்.

ஓட்டோக்காரர் தன் பற்றறியைத் திரும்பப் பூட்டியதும் மனைவி எழுந்து ஓட்டோவில் ஏறினாள். "நான் இதில போறன்" என்றாள். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வீட்டுக்குப் போவது என்று ஓட்டோக்காரரிடம் அவளே சொன்னாள். நானும் ஏறப் போனேன். "காரைத் திறந்தபடி விட்டிட்டோ வாறீங்கள்?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. நான் ஏறாமல் நின்றுவிட்டேன். ஓட்டோ போன பிறகுதான் அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று விளங்கியது.

றோட்டில் கிடந்த மட்டியைக் குந்தியிருந்து பொறுக்கினேன். பாதி நசிந்திருந்தது.

அன்று அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் படுத்தாள், எழும்பினாள், சமைத்தாள், வழமைபோலக் கதைத்தாள். அந்த நாளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. வருத்தக்காரிக்கு எப்படி என்று கேட்பதையும் விட்டுவிட்டாள். நான் இரவும் பகலும் அவளுடைய நக்கலுக்காகக் காத்திருந்தேன். லொறியில் ஏற்றி வந்த கார் பொரிந்த கண்ணாடியோடு வளவில் நின்றது. அதற்கு நான் சார்ஜரைக் கொழுவவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். காலையில் குசினியில் அவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள், நான் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். சவர்க்காரக் கையிலிருந்து ஒரு கண்ணாடிக் கிளாஸ் வழுக்கிச் சீமெந்தில் விழுந்து சிதறியது. நான் பதறி எழுந்தேன்.

"இருங்கோ, பதறாதீங்கோ" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். "இந்தக் கண்ணாடி இஞ்ச கிடைக்கும்."

எல்லாம் கேட்டிருக்கிறது. பொறுங்கோ நானா என்றதும், இலங்கையிலேயே எடுக்கேலாது என்றதும், ஒரு நிமிசம் கேட்டதும். கேட்டபடிதான் அவள் உள்ளே இருந்திருக்கிறாள். வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கீழே குனிந்து துண்டுகளைப் பொறுக்கப் போனேன்.

"பொறுங்கோ" என்றாள். "கையைக் கிழிச்சுப் போடும். நான் கூட்டி அள்ளுறன்."