ரயில் மட்டும் பார்த்த மயில்

1994இல், மாசி மகம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை விருத்தாசலம் போனேன். சென்னை வார இதழ் ஒன்று பயிற்சிப் புகைப்படக்காரர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தது. ஒரே பொருளில் பத்துப் படங்கள் அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். நான் சுவர்களை எடுத்துக்கொண்டேன். சுவரிடம் பேச வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வாங்கி ஒரு வருடம் ஆகியும் பஸ்ஸில் ஜன்னலைச் சாத்தச் சொல்லக்கூட வாய் வராது.

கேமரா தோழியுடையது. மறுநாள் காலை திருப்பித் தர வேண்டும். முப்பத்தாறு படச் சுருள் ஒன்று மட்டும் இருந்தது. இன்னொன்று வாங்க வழியில்லை.

சேத்தியாத்தோப்பில் ஏழு மணி பஸ். ஐந்தரை ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரர் ஒருவர், "ஸ்டேஷனா? ஏறும்மா, பதினஞ்சு ரூவா" என்றார். பேரம் பேசத் தெரியாததால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தேன். "ஊமை போலக்குது" என்று பக்கத்து ஆட்டோவிடம் சொன்னது காதில் விழுந்தது.

ஜங்ஷன் வரை இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். வழியெல்லாம் சுவர்கள்தான். ஒரு கட்சி வெள்ளையடித்து "அடுத்த தேர்தல் வரை" என்று பிடித்து வைத்த சுவர். முன்னும் பின்னும் இன்ஜின் வரைந்திருந்த ஒரு ரயில். எந்தப் பக்கம் போகிறது என்று அதற்கே தெரியாது. யாரும் மூத்திரம் போகாமல் இருக்கப் பிள்ளையார், மாதா, மெக்கா மூன்றையும் ஒரே வரிசையில் பீங்கான் ஓடுகளாகப் பதித்த ஒரு சந்து. பீங்கான் கம்பெனிகள் உள்ள ஊரில் ஓட்டுக்கு என்ன பஞ்சம்! மதியம் ஒரு மணிக்குள் இருபத்தெட்டுப் படம் எடுத்துவிட்டேன். அதுவரை ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதத்தில் பாதியைச் சாப்பிட்டு மூடினேன்.

பிறகு பீங்கான் கம்பெனிகளுக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் நடந்தேன். ஒரு வீட்டின் பின்சுவரில் மயில் நின்றது. உடைந்த கோப்பைத் துண்டுகளைச் சிமென்டில் பதித்த உடம்பு. தோகையில் கண்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் பொம்மை முகங்கள். ஒன்றுக்கு மாறுகண், ஒன்றுக்குக் கண் நெற்றியில் ஏறியிருந்தது, ஒன்று பாதித் தூக்கத்தில். அன்று முழுக்க என்னை யாராவது நேராகப் பார்த்தது அப்போதுதான். இரண்டு படம் எடுத்தேன்.

"ஏ பொண்ணு! யாரு நீ? கம்பெனில அனுப்சாங்களா?"

நாற்பது வயது இருக்கும் ஓர் அக்கா, ஈரக் கையோடு சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இல்லிங்க. பத்திரிகைக்கு…" என்றேன். இன்னும் கிடைக்காத வேலையைக் கிடைத்ததுபோல் ஒருமுறை சொல்லிப் பார்க்கும் ஆசை. அந்த ஒரு வார்த்தைதான் தப்பாகப் போனது.

"பத்திரிகைக்கா!" அவர் முகம் வெளுத்தது. பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவிய பெண் சிரித்தாள். "என்னாடி, மயிலு பேப்பர்ல வரப்போவுதா? சூப்பர்வைசருக்கு ஒண்ணு குடுத்தனுப்பு!"

"நீ சும்மா இருடி." அக்கா என் பக்கம் திரும்பினார். "நான் கம்பெனில பொம்மைக்குக் கண்ணு எழுதுறவ. கண்ணு கோணிப் போனத ஒடச்சிக் குழியில போடணும்ன்றது ரூலு. எனக்கு மனசு வரல. ஒண்ணொண்ணா சோத்து டப்பாவுல வெச்சி எடுத்தாந்தேன். இந்தப் பக்கம் ரயிலு மட்டும்தான் பாக்கும்னு இருந்தேன். பேப்பர்ல வந்தா திருடின்னு சொல்லி வெளிய அனுப்பிடுவான்."

"போடமாட்டேன்க்கா."

"படம் கழுவுறவன் பாத்துடுவான் இல்ல?"

"கடலூர்லதான் குடுப்பேன்."

"எங்க மொதலாளி வூடே கடலூர்லதான் இருக்குது." அவர் கெஞ்சினார். "அந்த ஒண்ண மட்டும் எடுத்துக் குடுத்துடு தாயி."

ஒன்றை மட்டும் எடுக்க முடியாது, திறந்தால் எல்லாம் போய்விடும் என்று சொல்லியிருக்கலாம். கடலூரில் இவரை யாருக்குத் தெரியும் என்று வாதாடியிருக்கலாம். அவர் சுவருக்கு மேலே கையை நீட்டினார். கேமராவின் முதுகைத் திறந்தேன். வெயிலில் சுருளை இழுத்தேன். பழுப்பு நிறத்தில் நீளமாக வந்துகொண்டே இருந்தது.

"இம்மா நீளமா இருக்குது? எத்தினி படம் இதுல?"

"முப்பதுங்க."

"அத்தினியுமா போச்சு?" சுருளைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு, "சொல்லக் கூடாதா நீ? வாயில என்னா கொழுக்கட்டையா?" என்று அதட்டினார். குரல் உடனே இறங்கியது. "சாப்ட்டியா? உள்ள வா. கருவாட்டுக் கொழம்பு இருக்குது. மயிலு எப்பிடிச் செஞ்சேன்னு சொல்றேன்."

"பஸ்ஸு போயிடும்க்கா. போயிட்டு வரேன்."

அவர் சுவருக்கு மேல் பார்த்துக்கொண்டே நின்றார் என்று நினைக்கிறேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் எதையும் அனுப்பவில்லை. அந்தக் கம்பெனியைப் பிறகு மூடிவிட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். அப்படியும் தெருப் பெயரைச் சொல்ல மாட்டேன். இந்தப் பதிவில் படம் இல்லாததற்கும் காரணம் இதுதான்.

சுவர்களைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு: காலை ஒன்பதுக்குள் அல்லது நாலு மணிக்கு மேல் எடுங்கள், நடுவெயிலில் வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசவைக்கும். தண்டவாளத்தின் மேல் நடக்காதீர்கள். கேமராவைத் தூக்குவதற்கு முன் சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். உள்ளே வரச் சொன்னால் போங்கள்.

பஸ்ஸுக்காக அவசரப்பட வேண்டாம். விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்புக்கு அப்போதே அரை மணிக்கு ஒன்று இருந்தது, இரவு ஒன்பது வரை. பஸ் போய்விடும் என்று அந்த அக்காவிடம் நான் சொன்னபோது மணி இரண்டேகால்.