ஹவ்வுக்கு வடை மாலை

நான் இப்போது வேலை பார்க்கிற கஃபேயில் நாய்களுக்குத் தனி மெனு கார்டு இருக்கிறது. உப்பு போடாத சிக்கன், சர்க்கரை போடாத ஐஸ்கிரீம். மனுஷன் வந்தால் "ரெண்டு நிமிஷம் சார்" என்போம். நாய் வந்தால் ஓடிப்போய்த் தண்ணீர்க் கிண்ணம் வைப்போம். பத்தாம் வகுப்பை இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு அதோடு உறவை முறித்துக்கொண்டவன் நான். அங்கே வருகிற ஹஸ்கிக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதி கிடைத்தால்கூட எனக்குப் போதும்.

போன வாரம் ஒரு அம்மா, பக்கத்து மேசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த குட்டை மூக்கு நாயைக் காட்டி, சாப்பிடுகிற இடத்தில் இது நியாயமா என்று கேட்டார். நாய்க்குச் சொந்தக்காரப் பெண், "ஹீ இஸ் ஃபேமிலி" என்றாள். இரண்டு பேரும் தீர்ப்புக்காக என்னைப் பார்த்தார்கள். நான் ஏற்கெனவே துடைத்திருந்த மேசையை இன்னொரு தடவை துடைத்தேன். எனக்குக் கருத்து இல்லாமல் இல்லை. ஆனால் அது என்னுடையது இல்லை, என் அம்மாவுடையது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் அவர்களுடைய காபி ஆறிவிடும்.

தெலுங்கும் உருதுவும் பேசுகிற இந்த ஊரில், சைனிக்புரியில் எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. அப்பா பாலாநகர் ஃபாக்டரிக்கு ஷிப்ட் போவார். அம்மாவும் அம்மாவின் தம்பியும் டிபன் கடை நடத்தினார்கள். அம்மா அடுப்படி, மாமா கல்லா. மாமாவுக்குச் சமைக்கத் தெரியாது. ஆனால் வெந்நீரைக்கூட விற்றுவிடுகிற வாய் இருந்தது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. எனக்கு ஒரு நாய் இருந்தது. தெருவில் பிறந்து, என் பின்னாலேயே வந்து, எங்கள் வாசலிலேயே வளர்ந்த பழுப்பு நாய். பேர் ஹவ். இந்த ஊர் உருதுவில் 'ஹவ்' என்றால் 'ஆமாம்'. எதைக் கேட்டாலும் அது அந்தப் பதிலைத்தான் சொல்லும் என்பதால் மாமா வைத்த பேர். அம்மா அதற்கு நேர் எதிர். அவளிடம் எதைக் கேட்டாலும் 'நக்கோ'. வேண்டாம். நாய் உள்ளே வரட்டுமா? நக்கோ. அடுப்படி வரைக்கும்? நக்கோ. மழை பெய்யுதேம்மா? அதற்கும் நக்கோ.

"சோறு போடற எடம்டா. ஒரு முடி இலையில கெடந்தா, தின்னவன் நாளைக்கு வருவானா? வாசல்ல இருக்கட்டும். அதுக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல."

உண்மையிலேயே குறைச்சல் இல்லை. முதல் ஈடு இட்லியில் கோணலாக வந்ததெல்லாம் வாசலுக்குப் போகும். தொட்டுக்கொள்ளச் சட்னி இல்லை என்பது ஒன்றுதான் ஹவ்வின் குறை.

காலையில் வாக்கிங் முடித்துவிட்டு ஒரு கூட்டம் கடைக்கு வரும். எல்லாரும் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் வந்தால்தான் அன்றைக்குக் கடை. கூட்டத்துக்குத் தலைவர் வேலூர்ப் பக்கத்துக்காரர். வெள்ளை ஷூ, வெள்ளை டிரவுசர், வெள்ளை மீசை. நான் வைத்த பேர் சுண்ணாம்பு அங்கிள். அவர் மனைவி மடியில் டாலி என்று ஒரு பொமரேனியன். அது மட்டும் உள்ளே வரும். மின்விசிறிக்குக் கீழே ஆன்ட்டி மடியில் உட்கார்ந்து இட்லி தின்னும். அம்மாவுக்கு அது பிடிக்காது. ஆனால் அந்தக் கூட்டத்திடம் 'நக்கோ' சொல்ல முடியுமா? அவர்கள் போன பிறகு அந்த நாற்காலியை மட்டும் வெந்நீர் ஊற்றிக் கழுவுவாள்.

ஒரு மழைநாள். ஹவ் வாசலில் நனைந்து, பாதி நாயாகச் சுருங்கி நின்றது. டாலி உள்ளே வரலாம், ஹவ் வரக்கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்த கணக்கில் விடை வரவில்லை. அம்மா திரும்பிய நேரம் பார்த்து அதை இழுத்துவந்து கல்லா மேசைக்கு அடியில் திணித்தேன். மாமா பார்த்தார். பார்க்காத மாதிரி சில்லறையை அடுக்கினார்.

மழைக்குப் பயந்து வாக்கிங்காரர்கள் அன்று சீக்கிரமே வந்துவிட்டார்கள். டாலிதான் முதலில் மோப்பம் பிடித்தது. மடியில் இருந்து குதித்து, மேசைக்கு அடியில் தலையை விட்டுக் கத்தியது. ஹவ் அதைவிட மூன்று மடங்கு பெரிசு, தைரியத்தில் அதில் பாதிகூட இல்லை. வாசல் எந்தப் பக்கம் என்பதே மறந்துபோய் அடுப்படிப் பக்கம் ஓடி, சாம்பார் வாளியில் மோதி, வாளி உருண்டு, சாம்பார் முழுவதும் சுண்ணாம்பு அங்கிளின் ஷூவில். நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

"இது ஹோட்டலா, நாய்ப்பட்டியா?"

"சாரி அங்கிள், மழைன்னு பையன்... நம்ம டாலியும் உள்ளதானே..." என்று மாமா இழுத்தார்.

"டாலி இஸ் எ பெட்! அதுக்கு ஊசி போட்டிருக்கேன், சர்ட்டிபிகேட் இருக்கு. இது தெரு நாய். தெரு நாயும் டாலியும் ஒண்ணாய்யா?"

அங்கேயே, சாம்பார் ஷூவோடு நின்றபடி, நாய் பிடிக்கிற வண்டிக்குப் போன் போட்டார். நாளைக் காலையில் வருகிறார்களாம். அந்த வண்டியில் நாய் போகாவிட்டால் வாக்கிங் கூட்டம் இனி வேறு கடைக்குப் போகும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். வண்டியில் ஏறின நாய் திரும்பாது என்பது எங்கள் தெருப் பையன்களின் ஒருமித்த முடிவு. அதை நான் சத்தமாக அழுது எல்லாருக்கும் தெரியப்படுத்தினேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. அது அடியைவிடப் பயமாக இருந்தது. தரையைக் கழுவினாள், மாவுப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள், மூடி இருந்ததா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அவர் சொல்றதுல என்னடா தப்பு?" என்று மாமாவிடம் கேட்டாள்.

மாமா சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரில் இருந்து யாரோ கொண்டுவந்து கொடுக்கும் தமிழ்க் காலண்டர். நாளைய தாளைத் தூக்கிப் பார்த்தவர் முகத்தில் ஒரு களை வந்தது.

"அக்கா, நாளைக்கு தேய்பிறை அஷ்டமி."

"அதுக்கு?"

"பைரவருக்கு விசேஷம். அவரு வாகனம் யாரு? நாய்தானே. பொட்டு வெச்சு, வடை மாலை போட்டு வாசல்ல உக்கார வெச்சுட்டா, எவன்க்கா கை வைப்பான்?"

"சாமிய வெச்சு வெளையாடாத. நக்கோன்னா நக்கோ" என்று அம்மா உள்ளே போய்விட்டாள். மாமா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அன்று நான் சாப்பிடவில்லை. ஹவ் சாப்பிட்டது. என்னுடையதையும் சேர்த்து.

விடியும்போது மிளகு வாசனைதான் என்னை எழுப்பியது. அம்மா தலைக்குக் குளித்து, ஈர முடியை முடிந்துகொண்டு, வடை தட்டிக்கொண்டிருந்தாள். கறுப்பு உளுந்து, மிளகு, நடுவில் ஓட்டை. இட்லிப் பானை இன்னும் அடுப்பில் ஏறவே இல்லை. கடை நேரத்தில் இட்லிக்கு முன்னால் வேறொன்று அடுப்பேறி நான் பார்த்ததே கிடையாது. நான் ஒரு வடைக்குக் கை நீட்டினேன்.

"தொடாத. குளிச்சுட்டு வா. வெங்காயம்கூடப் போடல, எச்சில் பண்ணிடாத."

மாமா ஹவ்வைக் குழாயடியில் வைத்துத் தேய்த்தார். நெற்றியில் மஞ்சள், அதன் மேல் குங்குமம். கழுத்தில் சாமந்திச் சரம், அதற்கு மேல் சணலில் கோத்த வடை மாலை. இதில் ஒரு சிக்கல் இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. சாமி தன் மாலையைத் தானே தின்ன ஆரம்பித்தது. கழுத்தை வளைத்து வளைத்து ஒவ்வொரு வடையாக எட்டியது. மாமா பக்கத்தில் பூசாரி மாதிரி உட்கார்ந்து, ஆசீர்வாதம் வாங்குவதுபோல அதன் தாடையைப் பிடித்துத் தூக்கியே வைத்திருந்தார். நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பா இந்தக் காட்சியைப் பார்த்தார். செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு தூங்கப் போனார்.

வண்டி வந்தது. இரண்டு பேர் வலையோடு இறங்கினார்கள். முன்னால் வந்தவர் மாலையைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"இதேன்ட்டி, தேவுடி குக்கா?" என்று கேட்டார். சாமி நாயா என்று.

"அவுனண்ணா, பைரவுடு. ஈரோஜு அஷ்டமி" என்றார் மாமா, கண்ணை மூடிக்கொண்டு. ஆமாண்ணா, பைரவர், இன்றைக்கு அஷ்டமி என்று.

வலை மெதுவாக முதுகுப் பக்கம் போனது. செருப்பைக் கழற்றினார்கள். கும்பிட்டார்கள். தங்களுக்கு வந்த புகாரில் கறுப்பு நாய் என்றுதான் இருந்தது என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். அந்தப் பொய்க்கும் நாங்கள் காரணமாகிவிட்டோம். அம்மா உள்ளிருந்து தட்டில் வடை கொண்டுவந்து இரண்டு பேருக்கும் கொடுத்தாள். யாரும் கேட்காமலேயே ஹவ் ஒரு தடவை குரைத்து நன்றி சொன்னது.

அதற்குள் வாக்கிங் கூட்டம் சேர்ந்துவிட்டது. சுண்ணாம்பு அங்கிள் ரப்பர் செருப்பில் நின்றார். ஷூ காய்ந்துகொண்டிருந்தது போல. "நான்சென்ஸ்" என்று அவர் ஆரம்பிக்கும் முன்பே ஆன்ட்டி முன்னால் வந்து, ஹவ் நெற்றியில் இருந்து குங்குமம் எடுத்து இட்டுக்கொண்டார். பிறகு டாலிக்கும் இட்டார்.

"தம்பி, டாலிக்கும் ஒரு சின்ன மாலை கெடைக்குமா? அதுவும் பைரவர்தானே?"

மாமா கண்ணைத் திறந்தார். இப்படி ஒரு வாய்ப்பு வாழ்நாளில் ஒரு தடவைதான் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"தாராளமா ஆன்ட்டி. ஆனா பைரவர் காவல் தெய்வம். அவரு எடம் வாசல். உள்ள வந்து உக்காந்தா குத்தமாயிடும்."

ஆன்ட்டி அங்கேயே டாலியை இறக்கி ஹவ்வுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். சுண்ணாம்பு அங்கிள் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, "ரெண்டு செட் இட்லி" என்றார். அன்றிலிருந்து எங்கள் கடைக்குள் எந்த நாயும் நுழையவில்லை. சர்ட்டிபிகேட் உள்ளதும் இல்லாததும் வாசலில் ஒன்றாக உட்கார்ந்து கோணல் இட்லி தின்றன. அம்மாவுக்கு நாற்காலி கழுவுகிற வேலை மிச்சம்.

மாமாவும் நானும் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நான் ஹவ்வாக நடிப்பேன், அவர் தாடையைப் பிடிப்பார். எங்கள் தெருவில் மாமா பெரிய ஆளாகிவிட்டார். நானும் அவர் மூளைதான் என் நாயைக் காப்பாற்றியது என்று நம்பினேன். பத்து வருஷத்துக்கு மேல் அப்படியே நம்பினேன்.

அம்மா மட்டும் அந்தக் கதைக்குச் சிரித்ததில்லை. சிரிக்கத் தெரியாதவள் என்று விட்டுவிட்டோம். அடுத்த மாதத்துத் தேய்பிறை அஷ்டமிக்கும் அவள் தலைக்குக் குளித்தாள், வடை தட்டினாள், ஹவ்வுக்குப் பொட்டு வைத்தாள். சாயங்காலம் வரைக்கும் பச்சைத் தண்ணீரோடு இருந்தாள். "வண்டிதான் வரலையேம்மா, யாருக்கு இந்த நாடகம்?" என்று நான் கிண்டல் செய்தேன். சும்மா இரு என்றாள். அதற்கு அடுத்த மாதமும் அதேதான். வண்டி மறுபடி வந்துவிடுமோ என்று பயப்படுகிறாள் என்றார் மாமா. வடை நல்லா விக்குது, அதான் என்றேன் நான். எங்கள் இருவர் மூளையும் அதற்கு மேல் போகவில்லை.

ஹவ் வயசாகித்தான் செத்தது. வாசலிலேயே, வயிறு நிறைந்து. நான் கஃபேயில் சேர்ந்த பிறகு. அதற்கு அடுத்த அஷ்டமிக்கு முந்தின நாள், அம்மா உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கிண்டல் வரவில்லை. "அதுதான் இல்லையேம்மா, இன்னும் எதுக்கு?" என்று கேட்டேன்.

அவள் உளுந்தில் இருந்து கையை எடுக்காமல் சொன்னாள்.

"அன்னிக்கு சாமி பேரைச் சொல்லிப் பொய் சொன்னோம். உன் நாய் உனக்குக் கெடைச்சுது. நீங்க ரெண்டு பேரும் சிரிச்சுட்டுப் போயிட்டீங்க. அது பொய்யாவே நின்னுடக் கூடாது இல்ல? யாராவது ஒருத்தர் நெசமா கும்பிடணும்."

அன்று விடியற்காலையில் என்னை எழுப்பிய மிளகு வாசனை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அது ஒரு விளையாட்டின் ஆரம்பம் என்றுதான் அந்த மூன்றாம் வகுப்புப் பையன் நினைத்தான். என் அழுகையைக் கேட்டுவிட்டு, தன் மனசுக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்வதென்று ஒருத்தி ராத்திரியோடு ராத்திரியாக முடிவெடுத்து, அதைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டு எழுந்த வாசனை அது என்று அவனுக்குத் தெரியாது. அவன் பார்த்ததெல்லாம் வடைதான். அதிலும் ஒன்று கேட்டு, கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு குளிக்கப் போனான்.