கடைசிப் பக்கத்தில் என் உறுப்பினர் எண்

எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு வழக்கம் நிலவுகிறது. நூலைத் திருப்பிக் கொடுக்குமுன், அதன் கடைசி வெற்றுப் பக்கத்தில் வாசகர் தம் கருத்தை எழுதிவிட்டுத்தான் கொடுப்பார். "முடிவு சரியில்லை", "இரண்டாம் முறையும் அழுதேன்", "நூறாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன்" என்று விதவிதமாக இருக்கும். முன்பு யாரும் தம்மை அடையாளப்படுத்தாமலே எழுதினார்கள். அதனால் சில கருத்துகள் நாகரிகத்தின் எல்லையைத் தாண்டின. கருத்தின் கீழே உறுப்பினர் எண்ணைக் கட்டாயம் குறிக்க வேண்டும் என்ற விதியை வாசகர் வட்டத் தலைவன் என்ற முறையில் முன்மொழிந்தவன் நான். அந்த விதியில் முதன்முதலாகச் சிக்கியவனும் நானே.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கரும்பாலை ஒன்றின் எடைமேடையில் சீட்டு எழுதிப் பிழைத்தேன். கிடைத்ததையெல்லாம் வாசித்து, வாசித்ததைப் பார்த்து எழுதிப் பழகி, வடக்கனந்தலில் பட்டா மனு முதல் பள்ளி மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பம் வரை எழுதித் தருபவன் என்ற மதிப்பை அடைந்தேன். சென்ற ஆண்டு நூலக வாரவிழாவில் சிறந்த வாசகர் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். என் அட்டையில்தான் அதிக நூல்கள் ஏறியிருந்தன.

அந்த நூல்களில் பெரும்பாலானவற்றை வாசித்தவள் என் மருமகள். கரியாலூருக்கு மேலே ஒரு மலைப் பள்ளியில் அவள் ஆசிரியை. காலை ஏழு மணிப் பேருந்தில் ஏறினால் மாலை இருட்டும் வேளையில்தான் இறங்குவாள். நூலகம் அதற்குள் பூட்டப்பட்டுவிடும்; விடுமுறை நாள் வீட்டு வேலையிலேயே போய்விடும். ஆகவே அவள் சீட்டில் எழுதிக் கொடுக்கும் நூலை நான் என் அட்டையில் எடுத்து வருவேன், முடித்ததும் திருப்பிக் கொடுப்பேன். நூலகர் ஒவ்வொரு முறையும் நூல் எப்படி இருந்தது என்று கேட்பார். நன்றாக இருந்தது என்பேன். அந்தப் பதிலைப் பொய் என்று நான் ஒருநாளும் கருதியதில்லை.

ஆவணி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை நூலகர் என்னைத் தனியே அழைத்து ஒரு நூலை மேசைமேல் வைத்தார். அட்டையில் கறுத்த கடலும், நீருக்குமேல் பாதி முகம் தெரியும் ஒரு பெண்ணும். இளம் வயதினருக்காக எழுதப்பட்ட காதல் கதை. பாடியே மாலுமிகளை மயக்கிக் கடலில் ஆழ்த்தும் பெண்களின் குலத்தைப் பற்றியது. அப்பெண்களுக்கு அந்நூலில் சைரன் என்று பெயர். எடைமேடையில் முப்பது ஆண்டுகள் இருந்த எனக்கு, ஆலையில் ஊதும் சங்குக்குத்தான் அந்தப் பெயர் பழக்கம்.

ஊரில் கரும்பும் மரவள்ளியும் பயிரிடும் ஒரு பெரிய விவசாயி அந்த நூலின்மீது எழுத்தில் புகார் கொடுத்திருந்தார். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் அவர் மகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அவர் கதையை வாசிக்கவில்லை. கடைசிப் பக்கத்தை மட்டும் வாசித்திருந்தார்.

அதில் ஆறேழு கருத்துகள் இருந்தன. "காதல் அருமை, இருட்டுதான் அதிகம்." "அவனைக் காப்பாற்றியிருக்கலாம்." "பேய்ப்படம் போல இருக்கிறது, சிறுவர்கள் தவிர்க்கவும்." அவற்றின் கீழே, நீல மையில், நெருக்கமான சிறிய எழுத்தில் இது இருந்தது:

"பாடாதே என்று கேட்டவன் அன்பானவன்தான். அதனால்தான் அவளுக்கு இத்தனை காலம் பிடித்தது. நானாக இருந்தால் முதல் துறைமுகத்திலேயே பாடியிருப்பேன்."

அதன் கீழே என் உறுப்பினர் எண்.

ஞாயிறன்று வாசகர் வட்டத்தைக் கூட்டியிருப்பதாகவும், அங்கே நான் விளக்கம் தர வேண்டும் என்றும் நூலகர் பணிவாகச் சொன்னார். அந்த எழுத்து என் மருமகளுடையது என்பதை நான் பார்த்த கணமே அறிந்தேன். அதை வெளியில் சொல்ல முடியாது என்பதையும் அறிந்தேன். காரணம் என் வீட்டு அலமாரியில் விவிலியத்துக்கு அடியில் இருந்தது.

அது அவளுடைய பணிவிலகல் கடிதம். அதை எழுதியவன் நான்.

என் மகன் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன். மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்தால் முறிந்த எலும்புகள் அவன் முன்னால்தான் வந்து கிடக்கும். மழைக்காலம் நெருங்க நெருங்க அவன் முகம் மாறும். மனைவியை அவன் ஒருநாளும் அதட்டியதில்லை. வேண்டாமே, போதுமே என்று கெஞ்சுவான். இந்த ஆண்டு அவள் மௌனமாக இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, நல்ல தமிழில் ஒரு கடிதம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டான். "எனது குடும்பச் சூழலைக் கருத்திற்கொண்டு, முழு மனநிறைவுடன்" என்று தொடங்கி நான் எழுதினேன். அந்தத் தொடர் எனக்கே மிகவும் பிடித்திருந்தது. மாத முடிவுக்குள் அவள் கையொப்பமிட வேண்டும். இந்த வேளையில் நீல மை வரிகள் அவளுடையவை என்று ஊர் பேசினால், அதையே சாக்காகச் சொல்லி மகன் நாளையே கையொப்பம் வாங்கிவிடுவான். அவளுடைய வேலை என் வாயில் இருந்தது.

எனக்கு வேறொரு வழியையும் நூலகர் காட்டினார். அந்த வரிகளை அடித்துவிட்டு, அருகில் ஒப்பமிட்டால் போதும், விளக்கமே வேண்டாம் என்றார். பேனாவை வாங்கினேன். மூடியைத் திறந்தேன். பிறகு, வாசித்துவிட்டு முடிவு செய்கிறேன் என்று சொல்லி நூலோடு வீட்டுக்கு வந்தேன். வாசித்துவிட்டு என்ற சொல் என் வாயிலிருந்து தவறி வந்தது. நூலகர் அதைக் கவனித்தாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

கண்ணில் புரை எடுத்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. அவள் மலையேறியதும் நூலை எடுப்பேன், பேருந்து வரும் நேரத்துக்கு அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன். கடலை நான் இருமுறைதான் கண்டிருக்கிறேன், இரண்டும் வேளாங்கண்ணியில். கதையில் ஓர் இளம் மாலுமி, அலையிலிருந்து தூக்கிய அந்தக் குலத்துப் பெண் ஒருத்தியைத் தன் கப்பலில் வைத்துக்கொள்கிறான். முதல் துறைமுகத்தில், இனிப் பாடாதே என்று வாக்கு வாங்குகிறான். அவள் முந்நூறு பக்கம் ஊமையாக இருக்கிறாள். கடைசியில் அவளுடைய தங்கைகள் வலையில் சிக்கும்போது நடுக்கடலில் வாய் திறக்கிறாள். கப்பலோடு அவனும் மூழ்கிப்போகிறான். மொழி எனக்கு உகந்ததாக இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் யாராவது பெருமூச்சு விட்டார்கள். ஆயினும், அவளுக்குப் பள்ளி இருந்த சனிக்கிழமை பிற்பகலில் அந்தக் கடைசி அத்தியாயத்தை நின்றுகொண்டே வாசித்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து நேராக நூலகம் சென்றேன். பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதினொரு பேர் இருந்தார்கள். அந்த விவசாயி நீல மை வரிகளை உரக்கப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தலைவரே, நீங்க பாடறதுன்னா கோயில்ல பாடுங்க. துறைமுகத்துல இன்னாத்துக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன்.

"வெளயாட்டு இல்ல. நீங்களே இப்டி எழுதிக்கினு இருந்தா எங்கூட்டுப் பொண்ணு இன்னா ஆவும்? இன்னொண்ணு. இது உங்க கையெழுத்தே இல்ல. எம்பட்டாவுக்கு மனு எழுதனது நீங்க. உங்க எழுத்து எனக்குத் தெரியாதா?"

அப்போதுதான் வாசலில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி என் மகன் நிற்பதைக் கண்டேன். என்னை அழைத்துப்போக வந்தவன். நூலின் கடைசிப் பக்கம் விவசாயியின் கையில் விரிந்து, அவனுக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது. அவன் பார்வை அதன்மேல் விழுந்தது. அந்த எழுத்தை அவனுக்கும் தெரியும்.

"கண்ணு ஆபரேஷன் ஆயி கட்டு போட்டிருந்த நேரம் அது. எங்க மருமவ படிச்சிக் காட்டிச்சி. நான் சொல்லச் சொல்ல எழுதிச்சி. கருத்து என்னுது," என்றேன்.

எழுபது வயதுக்குமேல் பதினொரு பேர் முன்னிலையில் சொன்ன பொய்.

விவசாயி விடவில்லை. நல்லவன் ஒருவனை மூழ்கடிப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். பேசத் தொடங்கிய பிறகுதான் எனக்கு ஒன்று தோன்றியது.

"மூழ்கடிக்கணும்னு எழுதலீங்க. மொதல் துறைமுகத்துலயே பாடியிருந்தா கப்பல் கரையோரமா நின்னிருக்கும். அவனும் நீந்தி ஏறியிருப்பான். நடுக்கடல் வரைக்கும் வாய மூடிக்கினு இருந்ததாலதான் ரெண்டு பேருக்கும் கேடு."

முடிவில், நூலைப் பீரோவில் வைத்துக் கேட்பவர்க்கு மட்டும் தருவது என்று நூலகர் ஒரு சமரசம் எழுதினார். விவசாயி அதற்கு ஒப்பமிட்டுவிட்டு, நீந்தத் தெரியாதவன் கப்பல் ஓட்ட வந்தது தப்புதான் என்று முணுமுணுத்தபடி எழுந்து போனார்.

வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தியபின்தான் மகன் கேட்டான்.

"நெசமாவே நீங்க சொன்னதாப்பா?"

ஆமாம் என்றேன்.

உள்ளே மருமகள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததை மகனே சொன்னான். கரையோரம், நீந்துதல் எல்லாவற்றையும் அப்படியே ஒப்பித்தான். அவள் நன்றியோடு என்னைப் பார்ப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன். அவள் வடிதட்டைக் கீழே வைத்தாள்.

"நான் அப்டி நெனச்சி எழுதல மாமா. கோவத்துல எழுதனேன். கரை, நீச்சல்னு ஒண்ணும் நெனைக்கல. எனக்குன்னு எழுதனது அந்த மூணு வரிதான். அதையும் உங்குளுதுன்னு சொல்லிட்டு வந்துட்டீங்க."

பிறகு கணவனிடம் திரும்பினாள். அதை எழுதியது தான்தான் என்று சொன்னாள்.

அவன் முகம் எக்ஸ்ரே அறையிலிருந்து வெளியே வரும் நாட்களில் இருப்பது போல வெளுத்திருந்தது. அலமாரிக்குச் சென்று விவிலியத்தைத் தூக்கிக் கடிதத்தை எடுத்தான். இனி என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரிந்தது.

அவன் அதை அவளிடம் நீட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"உனக்கு மொதல் துறைமுகம் எது?"

"நாலு வருசத்துக்கு முன்னாடி ஒரு ஆர்டர் வந்துதே. அத பீரோவுல வெச்சிட்டு, அப்பறம் பாத்துக்கலாம்னு சொன்னீங்களே. அன்னிக்கி."

அந்தப் பணி நியமன உத்தரவைப் பற்றி நான் அறிந்திருக்கவில்லை. சேர வேண்டிய கெடு பீரோவுக்குள்ளேயே முடிந்துபோயிருக்கிறது. இப்போதைய வேலை அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவளாகத் தேடியது.

அவள் கை நீட்டிக் கடிதத்தை வாங்கினாள். நின்றபடியே முழுவதும் படித்தாள்.

"உங்க தமிழ் நல்லா கீது மாமா. ஆனா முழு மனநிறைவுன்னு நான் எங்க சொன்னேன்?"

அவள் அதைக் கிழிக்கவில்லை, கணவனிடமே திருப்பிக் கொடுத்தாள். அவன் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். சோறு ஆறியது. பிறகு அதை நான்காக மடித்துப் பீரோவைத் திறந்து, துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினான்.

"அப்பறம் பாத்துக்கலாம்," என்றான்.

திங்களன்று ஏழு மணிப் பேருந்தில் அவள் ஏறினாள். அவன் வழியனுப்ப வரவில்லை, தடுக்கவும் இல்லை. அந்த வாரம் முழுவதும் மலையில் மழை. பேருந்து வரும் நேரத்துக்கு அவன் மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் கேட்பான், அவள் இறங்கிவிட்டாளா என்று. நான் இறங்கிவிட்டாள் என்பேன். உடனே வைத்துவிடுவான்.

அடுத்த சனிக்கிழமை அவளுக்குப் பள்ளி இல்லை. என்னுடன் நூலகம் வந்து, தன் பெயருக்கு அட்டை கேட்டு விண்ணப்பம் நிரப்பினாள். அதை அவளே எழுதினாள். நூலகர் பீரோவிலிருந்து அந்த நூலை எடுத்துத் தந்தார். அவள் என் எண்ணை ஒரே கோட்டில் அடித்து, அருகே தன் எண்ணை எழுதினாள். பிறகு பேனாவை என் பக்கம் தள்ளினாள்.

நெடுநேரம் யோசித்து நான் எழுதினேன்: "பெருமூச்சுகள் மிகுதி. கடைசி அத்தியாயம் நின்றுகொண்டு வாசிக்கத் தக்கது." கீழே என் எண்ணைக் குறித்தேன்.

என் அட்டையில் இப்போது மாதம் ஒரு நூல்தான் ஏறுகிறது.