என் கழுத்துக் கட்டியும் பெரியவர் வாய்ப்புண்ணும்

எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் போனால் கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். என்னைப் பார்க்க வந்தவர்களும் அப்படித்தான் எழுந்து போனார்கள். நான் உயிரோடு கட்டிலில் உட்கார்ந்து, அவர்கள் வாங்கி வந்த சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தைராய்டில் புற்றுநோய். கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. தருமபுரியில் ஊசி குத்திப் பார்த்துச் சொன்னார்கள். என் முகம் போன போக்கைப் பார்த்து டாக்டரம்மா நிதானமாக விளக்கினார்.

"புற்றுநோய்னா ஒரே நோய் இல்லம்மா. பொம்பளைங்களுக்கு மார்புலயும் கர்ப்பப்பை வாயிலயும் நிறைய வருது. சீக்கிரம் பார்த்தா காப்பாத்திடலாம். கணையத்துல வர்றது கம்மி, ஆனா வந்தா பெரும்பாலும் விடாது. உங்களுக்கு வந்திருக்கறது ரொம்ப மெதுவா போற வகை. ஆபரேஷன் பண்ணிக்கிட்டா பெரும்பாலானவங்க வயசாகி வேற எதுலயாவதுதான் சாவாங்க."

வேறு எதிலாவது சாகலாம் என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அந்தச் சந்தோஷம் எங்கள் ஊர் நல்லம்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கும் வரைக்கும் இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் அண்ணனைக் கேட்காமல் தக்காளி நாற்றுகூட வாங்க மாட்டார். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வேண்டியது இவர். போடலாமா என்று சொல்ல வேண்டியது அண்ணன். ஊரே அவரைப் பெரியவர் என்றுதான் சொல்லும்.

"கத்தி வெச்சா பரவிடும்," என்றார் பெரியவர், புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. "மலைமேல ஒருத்தர் பச்சிலை தர்றாரு. மூணு மாசம் சாப்பிட்டுப் பாக்கட்டும்."

வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அவரவர் கையில் ஒரு சாவுக் கதை இருந்தது. "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான். ஆறே மாசம்."

"கழுத்துலயா?"

"இல்ல, வயித்துல."

வயிறும் கழுத்தும் இவர்களுக்கு ஒன்றுதான். இதே ஆட்களுக்குத் தக்காளியில் இலை சுருண்டால் ஒரு நோய், வேர் அழுகினால் வேறு நோய் என்று தெரியும். ஒன்றுக்கு அடிக்கும் மருந்தை இன்னொன்றுக்கு அடிக்கச் சொன்னால் கடைக்காரனைக் கிழித்துவிடுவார்கள். செடிக்கு இருக்கும் மரியாதை என் கழுத்துக்கு இல்லை.

அன்றைக்கு எல்லோருக்கும் டீயும் போண்டாவும் கொடுத்தேன். என் சாவுக்கு நானே டிபன் போட்ட மாதிரி. அப்போதுதான் கவனித்தேன். பெரியவர் போண்டாவைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாய்ப் புற்றுநோய்க்காரன் இட்லியை அப்படித்தான் தின்றான். வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்க்க, நர்ஸ் அவனிடம் மூன்று விரலை வாய்க்குள் வைக்கச் சொன்னதும் ஞாபகம் வந்தது.

"மாமா, மூணு விரலை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வாய்க்குள்ள வைங்க."

"எதுக்கு?"

"வைங்க பாக்கலாம்."

ஒரு விரல் போனது. இரண்டாவது போகவில்லை. "சூட்டுப்புண்ணும்மா," என்றார்.

"எத்தன நாளா சூடு?"

அவர் சம்சாரம் பதில் சொன்னார். "பொங்கலுக்கு முன்னாடியே வந்துடுச்சு. காரமே சேத்தறதில்ல." நாங்கள் பேசிக்கொண்டிருந்தது சித்திரையில்.

"என் கட்டியை விட உங்க வாய்தான் மோசம் மாமா. நாளைக்கே என்கூட வாங்க."

எங்கள் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது?"

"பெரியவங்களால வாயத் திறக்க முடியலைங்க. நான் பேசாம யாரு பேசறது?"

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் காலையில் தம்பிக்கு ஆள் அனுப்பினார்: "அவளக் கூட்டிட்டுப் போ, கத்தியே வெச்சுக்கட்டும்." பயந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. பயந்த மனுஷன் தானும் வந்திருக்கலாம். மாங்காய் சீசன் முடியட்டும் என்றார்.

எனக்கு ஆபரேஷன் ஆனது. தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. காட்டு வேலைக்குப் போகிறேன், சண்டை போடுகிறேன். பெரியவர் மாங்காய் முடிந்து, கன்னம் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாயில் வந்த புற்று கழுத்து நெறிக்கட்டிகளுக்கும் பரவிவிட்டது என்றார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்காக ஆரம்பத்தில் ஒருத்தரும் அழவில்லை. "வாய்ப்புண்ணுதான, ஆறிடும்." என் கட்டிலைச் சுற்றி மூக்கைச் சிந்திய ஆம்பளைகள் வாசலில் புகையிலையைத் துப்பிவிட்டு உள்ளே போய் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். அதிகம் பேருக்கு வருவதும், விட்டால் ஆளைக் கொல்வதும் அவர்கள் மெல்லும் புகையிலையால் வரும் வாய்ப்புற்றுதான். அந்தப் பேரைச் சொன்னால் தங்கள் கன்னத்தையும் தடவிப் பார்க்க வேண்டுமே.

போன வாரம் அவர் மூக்கில் குழாய் போட்டார்கள். சாப்பாடு அதில்தான்.  அதைப் பார்த்ததும் வந்திருந்த அத்தனை பேரும் ஒவ்வொருவராக எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் நழுவினார்கள். பெரியவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இந்த வழக்கம் தெரியாதா என்ன?

பச்சிலையை ஞாபகப்படுத்தலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"மாமா, போயிட்டு வர்றேங்க. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில கன்னத்துக்குக் கரண்ட் வைக்கப் போகணும். எட்டு மணிக்கு ரெடியா இருங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

பெரியவர் தலையை ஆட்டினார்.