ஒரு படி மேலே எழுத வேண்டிய தாள்கள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். வில்லியனூர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தபோது அந்தக் கோபத்தால் ஒரு வாத்தியக் குழுவையே தொலைக்கப் பார்த்தேன்.

புதுச்சேரியிலிருந்து எங்கள் மாணவர்களுக்குப் பழைய வாத்தியங்கள் இரவலாக வந்தன. நான்கு பிடில், இரண்டு கிளாரினெட், ஒரு சின்ன எக்காளம். அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சி; அவர்களுடைய தேசியத் திருநாளான ஜூலை பதினாலாம் தேதி கொடியேற்றத்தில் வாசித்துக் காட்டினால் அவை எங்களுக்கே. இல்லையென்றால் மறுநாளே வண்டியேற்றித் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று உத்தரவு. வாத்தியம் வந்தது சரி, இசைத்தாளுக்கு எங்கே போவது? பாரிசில் அச்சடித்ததை வரவழைக்க என் சம்பளம் காணாது.

நகரத்து பாண்டு வாத்தியக் குழுவின் தலைவர், முசே என்று எல்லாரும் மரியாதையாகக் கூப்பிடுகிறவர்தான் வழி சொன்னார். அவர் அலமாரியில் ஒரு பழைய இசைப் புத்தகம் இருந்தது.

"இத எழுதுனவரு செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆவுது. இனிமே இது ஊருக்கே சொந்தம். எவ்ளோ வேணா பாத்து எழுதிக்கோ. புத்தகம் மட்டும் வெளிய போவாது."

ஞாயிறுதோறும் ரயிலேறிப் போய் எழுதி வந்தேன். பிடிலுக்கான பக்கத்தை மட்டும் எழுதினேன். எனக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான். மாணவர்கள் அதையே பார்த்து ஆளுக்கொன்று எழுதினார்கள். மேல்நாட்டு ஸ்வரப் புள்ளிகளை ஐந்து கோட்டின் மேல்தான் எழுத வேண்டும்; வெறும் தாளில் அந்த ஐந்து கோடு போடுவதுதான் பெரிய வேலை. கிளாரினெட் வாசிக்கிற ஒருவன் ஐந்து மூங்கில் சிம்புகளைச் சேர்த்துக் கட்டி, மையில் தோய்த்து, ஒரே இழுப்பில் ஐந்து கோட்டையும் போட்டான். அவன் சுத்துக்கேணியில் கரும்பு போடுகிற குடும்பத்துப் பிள்ளை, இங்கே மாமன் வீட்டில் தங்கிப் படித்தான். ஒவ்வொரு தாளின் தலையிலும் மறக்காமல் பிள்ளையார் சுழி போடுவான்.

எல்லோரும் சேர்ந்து வாசித்த முதல் நாள், தலைமை ஆசிரியர் எழுந்து வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார். அவ்வளவு அபஸ்வரம். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் அந்தச் சுத்துக்கேணிக்காரன்.

"இன்னாடா வாசிக்கிற?"

"தாள்ல இருக்கறதத்தான் வாசிக்கிறேன், வாத்தியாரே."

"எதிர்த்தா பேசற? வூட்டுக்குப் போயி கரும்பு வெட்டு, போ."

எல்லார் முன்னாலும் கிளாரினெட்டைப் பிடுங்கிக்கொண்டேன். அவன் மாமன் வீட்டிலிருந்த தன் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே போய்விட்டான்.

மறுநாளும் அதே கோணல்தான். மற்ற கிளாரினெட்காரனைத் தாளில் ஒரே ஒரு புள்ளியை ஊதச் சொல்லி, அதே புள்ளியை நான் பிடிலில் இழுத்தேன். அவன் சத்தம் ஒரு படி கீழே நின்றது. எக்காளமும் அப்படியே. நம் சங்கீதத்தில் ஸ்வரத்தை ஒரு தடவை எழுதினால் பாடுகிறவருக்கும் பிடிலுக்கும் குழலுக்கும் அதுவே போதும். அந்தப் பழக்கத்தில் எல்லாருக்கும் ஒரே தாளைக் கொடுத்திருக்கிறேன். வெள்ளைக்காரன் குழலுக்கு ஒரு படி மேலே ஏற்றித் தனியாக எழுத வேண்டுமாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். வெட்கமாக இருந்தது.

கொடியேற்றத்துக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. சைக்கிளை மிதித்துக்கொண்டு சுத்துக்கேணிக்குப் போனேன். அவன் கொல்லையில் கரும்புத் தோகை உரித்துக்கொண்டிருந்தான்.

"தப்பு என்னுதுடா. நீ சரியாத்தான் வாசிச்ச. தாளுதான் தப்பு" என்றேன்.

அவன் கை நிற்கவில்லை. இன்னும் நாலு கரும்பு உரித்த பிறகு கேட்டான்.

"இத மத்த பசங்க எதிர்ல சொல்லுவீங்களா?"

பிடுங்கினது எல்லார் முன்னாலும். வேறு என்ன சொல்ல முடியும்? "சொல்றேன்" என்றேன்.

சொன்னேன். ஏழு பேர் எதிரே நின்று அதைச் சொன்னதைவிடக் கொடியேற்றத்தில் அதிகாரிகள் எதிரே நின்றது எனக்குச் சுலபமாக இருந்தது. புதுத் தாள்களுக்கு அவனே கோடு போட்டான், சுழியும் போட்டான்.

பதினாலாம் தேதி வாசித்தார்கள். எக்காளம் ஓரிடத்தில் தடுக்கியது, மற்றபடி குறையில்லை. வாத்தியங்கள் பள்ளியிலேயே இருக்கட்டும் என்று அதிகாரி சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டம் கலைந்ததும் பாகூர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்து, தங்களுக்கும் ஒரு பிரதி எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். ஊருக்கே சொந்தம், தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அதற்குள் சுத்துக்கேணிக்காரன் இரண்டு தாள்களோடு முன்னால் வந்தான்.

"இது பிடிலுக்கு, இது குழலுக்கு. மாத்திப்புடாதீங்க. எங்க வாத்தியாரு மாத்திட்டு என்ன வெரட்டிட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.